ஸ்கேனும் எடுத்தாச்சு, பெல்ட்டும் போட்டாச்சு: ஆறாத இடுப்பு வலிக்கு எந்த மனம்-உடல் வழி?

இடுப்பு வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட வலிக் கணக்கில் சேரும். அங்கே வந்து நிற்பவர் பெரும்பாலும் ஒரு சுற்று முடித்திருப்பார்: எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, மூன்று வகை மாத்திரை, பத்து நாள் பிசியோவில் ஒத்தடமும் கரண்டும், இடுப்பு பெல்ட், எண்ணெய்த் தேய்ப்பு. அதற்குப் பிறகுதான் யாராவது சொல்வார்கள்: "டென்ஷனைக் குறைங்க, எல்லாம் மனசுதான்." கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும். அப்படியானால் இத்தனை நாள் வலித்தது பொய்யா?

பொய்யில்லை. வலி எப்படி உண்டாகிறது என்பதைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான். தசையும் எலும்பும் வலியை அனுப்புவதில்லை. ‘இங்கே ஏதோ நடக்கிறது’ என்ற தகவலைத்தான் அனுப்புகின்றன. அது ஆபத்தா இல்லையா என்று எடைபோட்டு வலியாக மாற்றுவது மூளை. தண்டுவடத்திலேயே அந்தத் தகவலை அடக்கவோ பெருக்கவோ ஒரு கதவு இருக்கிறது என்று வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இல் சொன்னார்கள். 1995இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவரைப் பற்றி எழுதியது. 15 செ.மீ. ஆணி மேல் குதித்துவிட்டார், ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்து நின்றது, காலை அசைத்தாலே அலறினார். ஊசி போட்டு மயக்கி பூட்ஸைக் கழற்றினால், ஆணி விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. மூளை கண்ணால் பார்த்ததை நம்பியது. இதற்கு நேர்மாறும் உண்டு. கையே இல்லாதவருக்கு இல்லாத கை வலிக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து அந்த வலியைக் குறைக்க வழி தேடினார்.

இடுப்பு வலியில் நடப்பதும் இதற்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான். முதலில் சுளுக்கோ பிடிப்போ உண்மையாகவே வந்திருக்கும். சதை, தசைநார்க் காயம் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஆறிவிடும். ஆனால் அபாய மணி அடிக்கப் பழகிய நரம்பு மண்டலம் நிறுத்த மறந்துபோகும். பயம், தூக்கமின்மை, "இனிமே குனியவே கூடாது" என்ற எச்சரிக்கை எல்லாம் மணியை இன்னும் உரக்க அடிக்க வைக்கும்.

வழியைத் தேர்வதற்கு முன் ஒரு சல்லடை

மனம்-உடல் சிகிச்சை எதுவானாலும் அதன் அடித்தளம் ஒன்றுதான்: "என் முதுகில் ஆபத்தான பழுது இல்லை" என்று நோயாளி நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டும். ஆகவே முதலில் மருத்துவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன.

சிறுநீர் திடீரென நின்றுபோவது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, மலவாய்ப் பகுதியும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபடுவது ஆகியவை அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய அறிகுறிகள். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் கூட இருந்தால் முதுகெலும்புக் காசநோயை விலக்க வேண்டும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், எலும்பு மெலிந்த முதியவர் விழுந்தபின் வரும் வலி ஆகியவையும் இந்தச் சல்லடையில் நிற்க வேண்டும். இளவயதில் தொடங்கி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பாக இருந்து, ஓய்வில் கூடி நடந்தால் குறைகிற வலியை வாத நோய் மருத்துவர் பார்க்கட்டும். அது அழற்சி நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.

இவை இல்லையென்றால் எம்ஆர்ஐ அறிக்கையை வேறு கண்ணோடு படிக்கலாம். "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், தேய்மானம்" என்ற வரிதான் பலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வின்படி, 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கு இருந்தது. டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதம், 80 வயதில் 96. தலைநரையைப் போல இதுவும் வயதின் அடையாளம். ஆனால் இதற்கு விதிவிலக்கு உண்டு. முதுகைவிடக் காலில் வலி கூடுதலாக இருந்து, முழங்காலுக்குக் கீழே ஒரே தடத்தில் மரத்து, பலமும் குறைந்திருந்தால் அங்கே நரம்பு உண்மையாகவே அழுந்தியிருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரையின் வழிகள் துணைதான், முதல் சிகிச்சை அல்ல.

வலி நரம்பு மண்டலத்தின் பழக்கமாகிவிட்டது என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. வலி இடம் மாறும். இன்று வலது பக்கம், நாளைக்கு இடது. அதே குடத்தைத் தூக்கினால் திங்கட்கிழமை வலிக்கும், வெள்ளிக்கிழமை வலிக்காது. கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றபோது நினைவே வராது, மறுநாள் அலுவலகம் என்றால் முந்தின இரவே தொடங்கிவிடும். ஒற்றைத் தலைவலி, குடல் தொல்லை, தாடைப் பிடிப்பு என்று வேறு தொல்லைகளும் சேர்ந்து ஓடும். இவற்றில் மூன்று நான்கு பொருந்தினால் கீழே உள்ள வழிகளுக்கு நல்ல இடமிருக்கிறது.

அசைவு வழி: பயந்த அசைவை மறுபடி பழகுவது

பெரும்பாலோர் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் துணிபு. முறைப்பெயர் காக்னிட்டிவ் ஃபங்ஷனல் தெரபி. ஆஸ்திரேலியாவில் பெர்த், சிட்னி நகரங்களின் 20 பிசியோ கிளினிக்குகளில் 492 பேரிடம் செய்து 2023இல் லான்செட் இதழில் வெளியான சோதனை இதற்குப் பெரிய ஆதாரம். 12 வாரத்தில் அதிகபட்சம் 7 அமர்வு, ஆறு மாதத்தில் ஒரு நினைவூட்டல் அமர்வு. அன்றாட வேலை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று 24 புள்ளிகளில் அளந்ததில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு முடக்கம் சுமார் நாலரைப் புள்ளி குறைவாக இருந்தது. ஓராண்டுக்குப் பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. வந்தவர்கள் லேசான கேஸ் இல்லை, ஏற்கெனவே பலதைச் செய்துபார்த்து முடங்கியிருந்தவர்கள்.

வேலை மூன்று பகுதி. வலி ஏன் நீடிக்கிறது என்பதை அவரவர் கதையை வைத்தே விளங்கிக்கொள்வது ஒன்று. பயந்து தவிர்க்கும் அசைவை இறுக்கம் இல்லாமல் திரும்பச் செய்வது இரண்டு. தூக்கம், நடை, வேலை ஆகியவற்றைச் சரிசெய்வது மூன்று. நடுவில் உள்ளதுதான் உயிர். குனியப் பயப்படுபவரைக் கவனியுங்கள்: மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, முதுகைப் பலகைபோல் நிமிர்த்திக் குனிவார். தசை நாள் முழுக்க முஷ்டி மடக்கியபடி இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? பயிற்சி நாற்காலியில் தொடங்கும். உட்கார்ந்து, மூச்சை வெளிவிட்டபடி, முதுகை வளையவிட்டு, கைகளைத் தரை நோக்கித் தொங்கவிடுவது. 5 முறை, நாளுக்கு 3 வேளை. அது பழகியபின் நின்றபடி ஸ்டூல் வரை, பிறகு தரை வரை, பிறகு 2 கிலோ அரிசிப் பையோடு.

நடையின் அளவை இப்படிப் பிடிக்கலாம். மூன்று நாள் நடந்து, வலி கூடத் தொடங்கும் நிமிடத்தைக் குறியுங்கள். 20, 12, 16 என்று வந்தால் சராசரி 16. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 13. தினமும் 13 நிமிடம்தான், நல்ல நாளும் அதே 13, கெட்ட நாளும் அதே 13. வாரம் பத்து சதவீதம் ஏற்றலாம். வலியைப் பத்துக்கு அளந்தால், அது இரண்டு புள்ளி கூடி 24 மணி நேரத்தில் இறங்கிவிட்டால் பரவாயில்லை; அதற்குமேல் நீடித்தால் ஒரு படி இறங்குங்கள், நிறுத்தாதீர்கள்.

கெடுவது பெரும்பாலும் நல்ல நாளில்தான். "இன்னிக்கு வலியில்லை" என்று வீட்டையே ஒட்டடை அடித்து முடித்து, மறுநாள் படுத்துவிடுவது. அப்புறம் உடல் கற்றுக்கொள்ளும் பாடம் ‘அசைந்தால் ஆபத்து’ என்பதாக ஆகிவிடும். இன்னொரு சிக்கல் பிசியோவே. லான்செட் சோதனையில் வேலை செய்தவர்களுக்குப் பல மாதம் தனிப்பயிற்சி கொடுத்தார்கள். நம் ஊரில் எல்லாரும் அப்படி இருக்க மாட்டார்கள். முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள்: "நான் முதுகை வளைத்துக் குனியலாமா?", "மெஷின் இல்லாமல் எவ்வளவு நேரம் பயிற்சி கொடுப்பீங்க?", "வலிக்கும்போது செய்தால் சேதமாகுமா?" முதல் பதில் "கூடவே கூடாது" என்றால் வேறொருவரைப் பாருங்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலே வழக்கமாக இடுப்பு பெல்ட் கொடுக்கவும், முதுகை இழுத்துவைக்கும் டிராக்‌ஷன் சிகிச்சை தரவும் வேண்டாம் என்கிறது.

பிஆர்டி: மூளையின் தப்புக் கணக்கைத் திருத்துவது

பெயின் ரீப்ராசசிங் தெரபி, சுருக்கமாகப் பிஆர்டி. எண்ணிக்கையைப் பார்த்தால் கண்ணைப் பறிப்பது இதுதான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டரில் 151 பேரிடம் இதன் சோதனை நடந்து, ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்தது. மருத்துவரோடு ஒரு வீடியோ அமர்வு, பிறகு 4 வாரத்தில் 8 அமர்வு. முடிவில் பிஆர்டி குழுவின் 66 சதவீதம் பேர் வலியே இல்லை அல்லது இல்லாத மாதிரிதான் என்றார்கள். ‘இது வெறும் உப்புநீர்’ என்று சொல்லியே ஊசி போட்ட குழுவில் அது 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 10. ஓராண்டுக்குப் பிறகும் பலன் பெருமளவு நின்றது.

ஆனால் யார் அந்த 151 பேர் என்று பார்க்க வேண்டும். ஒரே ஊர், வலி சராசரி பத்துக்கு நான்கு, பெரும்பாலும் நன்கு படித்தவர்கள், நடமாட்டம் கெடாதவர்கள். பத்துக்கு எட்டோடு வேலையை விட்டு வீட்டில் இருப்பவருக்கு அதே 66ஐ வாக்குறுதி தர முடியாது.

இதன் மையப் பயிற்சி வலியை அச்சமில்லாமல் கவனிப்பது. வலி லேசாக, 2 முதல் 4 வரை இருக்கும் நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் உட்காருங்கள். முதலில் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்: "இது எச்சரிக்கை மணி, தீ இல்லை." பிறகு வலியை அதன் குணமாகப் பாருங்கள். சூடா, இறுக்கமா, ஊசியா? எல்லை எங்கே முடிகிறது? நகர்கிறதா? மொட்டைமாடியில் மேகம் பார்ப்பதுபோல, எந்த அவசரமும் இல்லாமல். கூடினால் கூடட்டும், குறைந்தால் குறையட்டும். கடைசியில் கவனத்தை இதமான ஒன்றுக்கு, காற்றுக்கோ கையின் வெதுவெதுப்புக்கோ மாற்றி முடியுங்கள். அடுத்த கட்டம் இதையே பயந்த அசைவோடு சேர்ப்பது, அதாவது நாற்காலியில் குனிந்தபடி.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘போச்சா, போச்சா’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பது. அது கவனிப்பு இல்லை, காவல். மூளைக்கு அதுவும் ஆபத்துச் செய்தியாகவே போகும். வலி 7, 8 இருக்கும்போது இதைச் செய்து தோற்று, "எனக்கு இது ஆகாது" என்று முடிவுகட்டுவது இன்னொன்று. அந்த நேரத்துக்கு ஒத்தடம், மெதுவான மூச்சு, பிடித்த பாட்டு போதும். கவனிப்பை அலை இறங்கியபின் வைத்துக்கொள்ளுங்கள். பிஆர்டி பயின்றவர் பக்கத்தில் கிடைப்பது அரிது, ஆன்லைனில் ஆங்கிலத்தில் கிடைக்கும்; கட்டணமும் அதற்கேற்ப.

சிபிடி, ஏசிடி

நம் ஊர் மனநல நிபுணர்களில் பலருக்குத் தெரிந்த முறை சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி. கிடைப்பது எளிது என்பதே இதன் பெரிய பலம். வலி குறைப்பில் பலன் சிறியது என்றே பெரிய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. ஆனால் தூக்கம், சோர்வு, பதற்றம் சேர்ந்து இழுப்பவருக்கு நல்ல கைப்பிடி. வேலை முறையும் எளிது: வலி ஏறிய நேரம், அப்போது மனதில் ஓடிய வாக்கியம், அதற்கு ஆதாரம் என்ன, மாற்று வாக்கியம் என்ன என்று நான்கு கட்டம் போட்டு எழுதுவது. "இப்படியே போனால் படுக்கையில்தான்" என்பதற்குப் பதிலாக, "போன மாசமும் இப்படி ஏறி, நாலு நாளில் இறங்கிச்சு." கட்டாயமாக நல்லதையே நினைப்பது சிபிடி இல்லை, சரியானதை நினைப்பதுதான். இந்த வேறுபாடு தெரியாத கவுன்சலரிடம் போனால் ‘பாசிட்டிவா இருங்க’ என்ற வகுப்பாக முடியும்.

இரவுத் தூக்கம் ஐந்து மணிக்குக் கீழே இருந்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் தூக்கத்துக்கான சிபிடியைத் தொடங்குவது புத்திசாலித்தனம். தூங்காத நரம்பு மண்டலத்துக்கு எந்தப் பாடமும் ஏறாது.

ஏசிடி, அதாவது அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி, இதன் உறவுக்காரன். வலியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, வலி இருக்கும்போதே பேரனைப் பள்ளிக்கு விடுவது, கோயிலுக்கு நடப்பது என்று வாழ்க்கையை மீட்பது. பல அறுவைக்குப் பிறகும் வலிப்பவர், எலும்பு-மூட்டு நோய் உண்மையாகவே உள்ளவர் போன்றோருக்கு ‘வலி முழுதும் போகும்’ என்ற வாக்கைவிட இது நேர்மையானது.

எட்டு வாரத் தியான வகுப்பு

1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸில் தொடங்கிய, மன அழுத்தத்தைத் தியானத்தால் குறைக்கும் எம்பிஎஸ்ஆர் முறை: வாரம் ஒரு நீண்ட வகுப்பு, வீட்டில் தினம் முக்கால் மணி நேரம். வாஷிங்டன் மாநிலத்தில் நாள்பட்ட முதுகு வலியுள்ள 342 பேரிடம் இதையும் சிபிடியையும் ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டார்கள். 26 வாரத்தில் அன்றாடச் செயலில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் எம்பிஎஸ்ஆரில் 60.5 சதவீதம், சிபிடியில் 57.7, வழக்கமான சிகிச்சையில் 44.1. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதுதான் இதில் படிக்க வேண்டியது. எட்டு வகுப்பில் ஆறுக்கு வந்தவர்களோ ஏறக்குறைய பாதிப் பேர்தான். நான்கு பேர் இருக்கும் இரண்டறை வீட்டில் தினம் 45 நிமிடம் கிடைக்குமா என்பதை முதலிலேயே கணக்குப் பாருங்கள். இதைப் பத்து நாள் மௌனத் தியான முகாமோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். வலியைக் கண்டு பயப்படுபவர் நாளுக்குப் பத்து மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால், பயம் தெளிவதைவிட உறுதிப்படவே வாய்ப்பு அதிகம்.

அடக்கிய உணர்ச்சியைத் திறப்பது

மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்குவது என்று நாம் சொல்வதை நேராகக் கையாளும் முறை இது. வலி தொடங்கிய ஆண்டில் ஒரு சாவு, சொத்துத் தகராறு, வீட்டு வன்முறை, சொல்ல முடியாத அவமானம் ஏதேனும் இருந்ததா என்று பார்த்து, அந்தக் கோபத்தையும் துக்கத்தையும் பாதுகாப்பான அறையில் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் 126 முதிய முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்து 2024இல் வெளியான சோதனையில், சிகிச்சை முடிந்தபோது வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் இதில் 63 சதவீதம், சிபிடியில் 17. சிறிய சோதனை, பெரும்பாலும் ஆண்கள். ஆனாலும் வித்தியாசம் பெரிது. தனியாக வீட்டில் செய்துபார்க்கக் கூடாத ஒரே வழியும் இதுதான். பழைய காயம் ஆழமானதென்றால் மனநல மருத்துவர் அல்லது பயிற்சிபெற்ற உளவியலாளர் கூட இருக்க வேண்டும். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் தமிழில் பேசலாம்.

யோகாவையும் ஒரு வரியில் விட முடியாது. பாஸ்டன் பகுதியில் 320 பேரிடம் நடந்த 2017ஆம் ஆண்டுச் சோதனையில் 12 வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறைந்ததாக இல்லை. செலவு குறைவு, தெருவுக்குத் தெரு ஆசிரியர். பக்கத்து பாய்க்காரரைப் பார்த்துப் போட்டிக்கு வளைவதும், ‘இன்னும் கொஞ்சம்’ என்று முதுகை அழுத்தும் ஆசிரியரும்தான் இதன் ஆபத்து.

சரி, எதைத் தொடங்குவது?

குனிய, தூக்கப் பயம் என்றால் அசைவு வழி. வலி இடம் மாறி, நேரம் மாறி, 4-5க்குள் ஓடி, ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றால் பிஆர்டிப் பயிற்சி. அதை அசைவு வழியோடு சேர்த்தே செய்யலாம், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். தூக்கமும் மனமும் சேர்ந்து சரிந்திருந்தால் சிபிடி. அதற்குள் ஒரு துயரம் கிடந்தால் உணர்ச்சி வழி. நான்கையும் ஒரே வாரத்தில் தொடங்குவது மட்டும் வேண்டாம். எது உதவியது என்று தெரியாது, எதுவும் நிலைக்காது.

ஒன்றுக்கு 8 வாரம் கொடுங்கள். ஞாயிறுதோறும் மூன்றே எண்களை எழுதுங்கள், எல்லாம் பத்துக்கு: போன வாரச் சராசரி வலி, வாழ்க்கை ரசனையை வலி எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு கெடுத்தது. மூன்றின் சராசரி 30 சதவீதம் இறங்கினால் தொடருங்கள். தினமும் எழுத வேண்டாம். தினம் அளப்பவர் தினம் வலியைத் தேடுவார். பெரும்பாலும் முதலில் இறங்குவது வலி எண் அல்ல, மற்ற இரண்டும்தான். அதைப் பலனில்லை என்று எண்ணிப் பாதியில் விடுபவர்கள் நிறைய.

வலிக்காகப் பிரெகாபலின், டுலாக்ஸெடின், டிரமடால் போன்ற மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ‘இனி மனசாலேயே சரிசெய்கிறேன்’ என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் வரும் தலைசுற்றலும் பதற்றமும் வலியே திரும்பிவிட்டதுபோல் காட்டும்.

வீட்டாரிடமும் ஒரு பேச்சு வேண்டும். "நீங்க குனியாதீங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்பது பாசம்தான். ஆனால் நாளுக்கு இருபது முறை அதைக் கேட்கும் முதுகு, தன்னை உடைந்த முதுகாகவே நினைத்துக்கொள்ளும். "மெதுவா எடுங்க, நான் பக்கத்துல இருக்கேன்" என்று மாற்றச் சொல்லுங்கள்.

எந்த வழியில் போனாலும் நடுவில் ஒருநாள் வலி பழைய உச்சத்துக்கு ஏறும். அதற்கான ஏற்பாட்டை நல்ல நாளிலேயே ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்: முதல் நாள் நடை அளவில் பாதி, மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் உலாத்தல், மூச்சு நிமிடத்துக்கு ஆறு வீதம் பத்து நிமிடம், பகலில் படுக்கை அரை மணிக்கு மேல் இல்லை. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் பழைய அளவில் முக்கால், ஐந்தாம் நாள் முழு அளவு. தாளின் அடியில், மேலே சொன்ன சிறுநீர், மரத்துப்போதல், பாதம் இழுபடுதல் அறிகுறிகளையும் எழுதிவிடுங்கள். அவை இல்லாதவரை புதிய ஸ்கேன் தேவையில்லை.